‘என் பிள்ளைக்கு நானே எமனாகிவிடுவேனோ?’ – மனநல மருத்துவர் பதில்கள்

சென்ற மாதம் இப்பகுதியில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "எனக்கு இருப்பது சோர்வு இல்லை டாக்டர், இது வேறு, வெளியே சொல்ல வாய் வரவில்லை" என்று தொடங்கும் கடிதங்கள் சில வந்தன. அந்த ‘வேறு’ என்ன என்பதைப் பற்றி மட்டுமே இம்முறை எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 26 வயது. தலைப்பிரசவத்துக்காகப் பாபநாசம் பக்கத்தில் உள்ள தாய் வீட்டுக்கு வந்தேன். திருக்கருகாவூர் அம்மனிடம் வேண்டிப் பெற்ற பெண் குழந்தை. இன்றோடு 52 நாள் ஆகிறது. முப்பதாம் நாள் காப்புப் போட்ட அன்று, அம்மா கூடத்தில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை என் மடியில் இருந்தது. திடீரென்று, குழந்தையை நானே அந்த அரிவாள்மனையில் வைப்பது போல ஒரு காட்சி கண்முன் வந்து போனது. உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து அரிவாள்மனையைப் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டேன், அடுப்படிக்குள் போவதில்லை. கொல்லைக் கிணற்றைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. குழந்தையைக் குளிப்பாட்டுவது, தூளியில் போடுவது எல்லாம் அம்மாதான். "நான் பாப்பாவை ஒன்றும் செய்துவிட மாட்டேன் அல்லவா?" என்று அம்மாவிடம் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்கிறேன். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் தாயா, பேயா?

பதில்: உங்களுடைய கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாய்தான். உங்களால் குழந்தைக்கு ஆபத்து என்று நினைக்க இடம்தரும் வரி ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. நேரில் பார்த்துப் பேசாமல் நோயின் பெயரை முடிவாகச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் நியதி; ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது, பிரசவத்தை ஒட்டி வரும் எண்ணச் சுழற்சி நோயின் சாயலைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆஸ்பத்திரிகளில் இதை ஓசிடி என்பார்கள். ஓசிடி என்றால் திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை பெற்றவர்களுக்கு அது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் உருவத்தில்தான் வருகிறது. பெற்றவள் மனத்தில் பிள்ளையைக் கொல்லும் காட்சி வரும் என்பதை யார் வாயாலும் கேட்டிராததால், உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்து, உள்ளுக்குள்ளேயே வெந்துபோகிறாள்.

உங்களுக்கு மட்டும் வந்ததன்று இது. 1978ஆம் ஆண்டில் ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையைச் சேர்ந்தவரான பத்மால் டி சில்வாவும், ஓசிடி உள்ளவர்களுக்கு வரும் வேண்டாத நினைப்புகளையும் எந்த நோயும் இல்லாதவர்களுக்கு வரும் வேண்டாத நினைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நினைப்பின் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அது எத்தனை முறை வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு கலக்குகிறது என்பதில்தான் வேறுபாடு. பிற்காலத்தில் கனடாவில் நிக்கோல் ஃபேர்பிரதர் என்பவர் தலைமையில் பிரசவித்த தாய்மாரிடம் நடந்த ஆய்வுகளில், குழந்தைக்குத் தற்செயலாக ஏதாவது ஆகிவிடுமோ என்ற நினைப்பு ஏறத்தாழ எல்லாத் தாய்மாருக்கும் வந்திருந்தது. தாங்களே குழந்தைக்குத் தீங்கு செய்வது போன்ற வேண்டாத நினைப்பு கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வந்திருந்தது. அப்படி வந்த தாய்மார் மற்றவர்களைவிட அதிகமாகக் குழந்தைக்குத் தீங்கு செய்தார்கள் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு இந்தக் காட்சி ஒரு கணம் வந்திருக்கும். "சீ, என்ன நினைப்பு இது" என்று உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள்.

உங்களால் ஏன் உதற முடியவில்லை? அறுவடைக் காலத்தில் நெல் குவித்திருக்கும் களத்தில் இரவுக் காவலுக்குப் படுப்பவருக்குப் பனையோலை சலசலத்தாலும் திருடன் நடப்பது போலத்தான் கேட்கும். குழந்தை பிறந்தவுடன் தாயின் மனம் அப்படித்தான் காவலுக்கு உட்கார்ந்துகொள்கிறது. வரக்கூடிய ஆபத்துகளையெல்லாம் முன்கூட்டியே படம் போட்டுப் பார்க்கிறது. அரிவாள்மனை கண்ணில் பட்டதும் உங்கள் மனம் போட்டுக் காட்டியதும் அப்படி ஓர் எச்சரிக்கைப் படம்தான். அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளாமல் உங்கள் ஆசை என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்களுக்கு உயிராக இருப்பது எதுவோ அதையே இந்த நோய் பிடித்துக்கொள்ளும். குழந்தை மீது அக்கறை இல்லாதவளுக்கு அந்தக் காட்சி வந்தாலும் அவள் உடம்பு நடுங்காது.

நடுங்கிய பிறகு நீங்கள் செய்ததைப் பாருங்கள். அந்த நினைப்பு மறுபடி வரக் கூடாது என்று தள்ளத் தொடங்கினீர்கள். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்று சிலரைக் கேட்டுக்கொண்டு அமெரிக்காவில் வெக்னர் என்பவர் ஒரு சோதனை நடத்தி, அதை 1987இல் வெளியிட்டார். அவர்களுக்கு வெள்ளைக் கரடிதான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. தள்ளத் தள்ள நினைப்பு வலுக்கும் என்பது மனத்தின் இயல்பு. அடுத்ததாக அரிவாள்மனை பரணுக்குப் போனது. அன்று மட்டும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அதிலிருந்து உங்கள் மனம் கற்றுக்கொண்டது, "அரிவாள்மனை பரணில் இருப்பதால்தான் பாப்பா பிழைத்தது" என்ற பாடத்தை. பிறகு கிணறு சேர்ந்தது, தூளி சேர்ந்தது, குளியல் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் விலக்க விலக்க, நீங்கள் பயப்பட வேண்டிய பொருள்கள்தான் வீட்டில் கூடிக்கொண்டு போகின்றன.

இங்கே நம் ஊர் வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக இந்தப் பகுதித் தாய்மாரைப் பார்த்துவருவதால் அழுத்தமாகவே சொல்கிறேன். தாய் வீட்டில் பிள்ளை பெற்றவளை ஒரு துரும்பையும் எடுக்கவிடாமல் தாங்குவது நம் பக்கத்துப் பெருமை. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சாப்பாடும் பிரசவ லேகியமும் ஓய்வும் கொடுப்பதில் நிறைய நன்மை உண்டு. ஆனால் இந்த நோய் அந்தத் தாங்கலுக்குள் எளிதாக ஒளிந்துகொள்கிறது. அவள் பயத்தினால் குழந்தையைத் தொடாமல் இருப்பதும், உடம்பு தேறட்டும் என்று ஓய்வில் இருப்பதும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவன் வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போது, "என்னால் தனியாக முடியாது" என்று அவள் அழுது நிற்கும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரியவருகிறது. உங்கள் அம்மாவின் அன்பில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அரிவாள்மனையைப் பரணில் ஏற்றியதும், இருபது தடவையும் சலிக்காமல் "மாட்டேடி கண்ணு" என்று சொன்னதும் அந்த அன்புதான். அந்த அன்பையே நோய் தனக்குத் தீனியாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஆறுதலும் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

ஆகவே சிகிச்சை எதிர்த் திசையில் போகிறது. அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்வது, எதிர்கொண்ட பின் வழக்கமாகச் செய்யும் தற்காப்பைச் செய்யாமல் இருப்பது என்ற இந்தப் பயிற்சியின் முன்னோடி, 1966இல் லண்டனில் விக்டர் மேயர் வெளியிட்ட அனுபவம். மருந்தில்லாத சிகிச்சைகளுள் இன்றும் ஓசிடிக்கு முதலிடத்தில் நிற்பது இதுதான். என்னிடம் வந்த ஒரு தாய்க்கு அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதல் வாரம் அரிவாள்மனை பரணிலிருந்து இறங்கி அடுப்படி மூலையில் தன் பழைய இடத்துக்கு வந்தது. அவர் அதே அறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார், அவ்வளவுதான். அடுத்து, குழந்தை உள்ளறையில் தூங்கும்போது அரைக் கிலோ வெண்டைக்காய் நறுக்கினார். பிறகு, தூளி அதே கூடத்தில் ஆடிக்கொண்டிருக்க நறுக்கினார். கை நடுங்கியது, அந்தக் காட்சி வந்தது. "வருகிறாயா, வந்து உட்கார்" என்று அதை விட்டுவிட்டு அடுத்த காயை எடுக்க வேண்டும் என்பதே அவருக்குக் கொடுத்த வேலை. யாரிடமும் ஆறுதல் கேட்கவில்லை. மனத்துக்குள் சுலோகம் சொல்லி அதை அழிக்கவும் இல்லை. முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆட்டிவைத்த பயம், எட்டாம் நாள் பத்து நிமிடத்தில் தானாக வடிந்தது. கடைசியாகக் குளியல். கொல்லையில் மணை போட்டு, காலை நீட்டி, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, வெந்நீரை முழங்கையில் விட்டுப் பார்த்து ஊற்றினார்; அவருடைய அம்மா சாம்பிராணித் தணலோடு உள்ளேயே இருந்தார், எட்டிப் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, உங்களுக்கென்று வரிசை அமைத்துக்கொண்டு செய்ய வேண்டியது இது. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே கிணற்றடிக்குப் போய்விடாதீர்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள். புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். புறப்படத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுங்கள்.

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதம். பாலாடையை ஏழு தடவை கொதிக்க வைக்கிறாள். ஒரு தடவை எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குகிறாள். கை தோலெல்லாம் உரிந்துவிட்டது. நான் வயலிலிருந்து வந்தால் குளித்துவிட்டு வந்தாலும் பேரனைத் தொடவிடுவதில்லை. "தப்பு என்று எனக்கே தெரிகிறது, நிறுத்த முடியவில்லை அம்மா" என்று அழுகிறாள். காத்துக் கருப்பு அண்டியிருக்கும், குணசீலத்துக்குக் கூட்டிப் போ என்கிறார்கள் பக்கத்து வீட்டார். இது பைத்தியத்தில் கொண்டுபோய் விடுமா?

பதில்: அம்மா, "தப்பு என்று எனக்கே தெரிகிறது" என்று உங்கள் மகள் சொன்னதுதான் மருத்துவருக்கு மிகப் பெரிய தடயம். எண்ணச் சுழற்சி நோயில் தன் செயல் மிகை என்ற தெளிவு பெரும்பாலும் இருக்கும். அது பைத்தியத்தின் முதல் படி அன்று, அங்கே கொண்டுபோயும் விடாது.

நீங்கள் கேட்பது வேறொரு நோய். பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சிதைவு, ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரென்று தொடங்கும். தூக்கம் அறவே போய்விடும். பேச்சு குழறும் அல்லது மடை திறந்தாற்போல் கொட்டும். காதில் குரல் கேட்கும். இந்தக் குழந்தை தெய்வம் என்றோ, பிசாசு என்றோ, மாற்றி வைக்கப்பட்டது என்றோ உறுதியாக நம்புவார்கள். அந்த நம்பிக்கை அவர்களை அச்சுறுத்தாது, அது உண்மை என்றே வாதிடுவார்கள். இதில் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. செத்துவிடலாம் என்று பேசினாலும் அப்படியே. ஓசிடியோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது உண்டு என்பதால், அந்தப் பேச்சு வருகிறதா என்று மகளிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

குணசீலத்துக்குப் போய் வருவதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். காவிரிக் கரையில் பெருமாள் சந்நிதியில் மனம் இளகி அழுது வருபவர்களை நான் அறிவேன். மருத்துவத்தைத் தள்ளிப் போடும் காரணமாக அது ஆகிவிட வேண்டாம் என்பது ஒன்றே என் வேண்டுகோள். வேப்பிலை அடிப்பது, பட்டினி போடுவது, மந்திரிப்பவரிடம் இரவில் உட்கார வைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பால் கொடுக்கும் உடம்பு, தூக்கமில்லாத மனம், இரண்டும் அதைத் தாங்காது.

வீட்டில் உங்கள் பங்கு என்னவென்றால், ஏழாவது கொதிக்கு நீங்கள் தண்ணீர் மொண்டு கொடுக்காமல் இருப்பது. திட்டியோ கேலி செய்தோ, பாலாடையைப் பிடுங்கியோ அதைச் செய்ய வேண்டாம். "இது உன் பேச்சு இல்லை, நோயின் பேச்சு, நான் உன் பக்கம், நோயின் பக்கம் இல்லை" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். எதை, எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மகளும் மருத்துவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும். கொடுத்து முடித்தபின் நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்த பாலாடையை ஒரு முறை கொதிக்க வைத்தால் போதும். அந்த ஒன்று சுகாதாரம், மற்ற ஆறும் நோய். மடி, ஆசாரம் என்று பழகிய வீடுகளில் இந்த எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. "எங்கள் பெண் சுத்தக்காரி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஆண்டுகளைக் கழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓசிடி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாலில் கலந்து குழந்தைக்கு விஷமாகும் என்கிறார் மாமியார். சாப்பிடலாமா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

பதில்: இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில், பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பெரும்பாலும் முதலில் எண்ணிப் பார்க்கப்படுவது செர்ட்ராலின். அது பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. எனவே பாலை நிறுத்த வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் யாருக்கோ மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் இருந்திருந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஓசிடிக்கு மருந்து முழுதாக வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் பலனில்லை என்று நிறுத்துவதும், தேறியவுடன் நாமாகவே விடுவதும்தான் நான் அதிகம் காணும் தவறு. மெடிக்கல் கடையில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிக் குடிக்க வேண்டாம்.

பிரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஓசிடிக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தேவையே இல்லை. சேர்க்க நேர்ந்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு 2009 முதல் நடந்துவருகிறது.

கேள்வி: நான் குழந்தையின் அப்பா. எங்களுக்குத் திருவையாறு, மனைவியின் வீடும் குழந்தையைக் காட்டும் டாக்டரும் தஞ்சாவூரில். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடமுருட்டிப் பாலத்தில் நடந்தபோது, கை தானாகக் குழந்தையை வீசிவிடுமோ என்று தோன்றியது. தஞ்சாவூர் போக ஐந்து ஆற்றைத் தாண்டியாக வேண்டும். பாலமில்லாத வழி கிடையாது. அதனால் குழந்தையை நான் தூக்குவதையே விட்டுவிட்டேன். தடுப்பூசிக்கெல்லாம் மாமனார்தான் தூக்கிப் போகிறார். பெற்றவளுக்கு வருவது சரி, ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் வருமா?

பதில்: வரும். தந்தையரிடமும் கேட்டு நடத்திய ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இத்தகைய வேண்டாத நினைப்புகள் வந்ததை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சிலருக்கு அது நோயாகவும் முற்றுகிறது. பிரசவத்தினால் உடம்பில் ஏற்படும் மாற்றம் மட்டுமே காரணமாக இருந்தால் உங்களுக்கு வந்திருக்க வழியில்லை. ஓர் உயிர் முழுக்க முழுக்கத் தன் கையில் இருக்கிறது என்ற பொறுப்பின் கனமும், அதோடு சேரும் தூக்கக் குறைவும் ஆண்பிள்ளையையும் விடுவதில்லை. ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் நாங்களும் கேட்பதில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் பக்கத்துத் தலபுராணம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் ஓர் அந்தணர் மிதிபட்டு இறக்க, அவர் பிரம்மகத்தியாகப் பாண்டியனைப் பற்றிக்கொண்டார். திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் வர முடியாமல் கீழை வாசலில் அது காத்துநிற்க, பாண்டியன் வேறு வாசல் வழியாகப் போய்ப் பிழைத்தான் என்பது கதை. வேண்டுமென்று செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதனை விடாமல் துரத்தும் குற்ற உணர்வை இதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றும். நீங்களும் வேறு வாசலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த நோய்க்கு அது பலிப்பதில்லை. அது காத்து நிற்கும் வாசல் வழியாகவேதான் வெளியே வர வேண்டியிருக்கிறது.

மருத்துவரைப் பார்த்துப் பயிற்சியைத் தொடங்கும்போது, முதலில் நீங்கள் மட்டும் பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்க்கச் சொல்வார். பிறகு குழந்தையை மனைவி வைத்திருக்க நீங்கள் கூட நடப்பீர்கள். அதன் பிறகு குழந்தை உங்கள் தோளுக்கு வரும். எந்த அப்பாவும் பிடிப்பது போலப் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடிப்பதும், அடி எண்ணி நடப்பதும், பாலம் வந்ததும் மனைவியிடம் கொடுத்துவிடுவதும் கூடாது. குழந்தைக்கு இப்போது நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அன்று ஐந்து பாலத்தையும் குழந்தையோடு நீங்களே தாண்டிப் போவது என்று முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.